மூன்றரை வாட் வால்வு ஆம்பும் பத்து மடங்கு ப்ரீஆம்பும்

எதைக் கேட்பது, எவ்வளவு சத்தம் என்று தீர்மானிக்க ஆம்புக்கு முன்னால் நிற்கும் பெட்டிதான் ப்ரீஆம்ப். புதிதாக வாங்கிய ஒன்றை என் வால்வு ஆம்போடு இணைத்து முதல் பாட்டைப் போட்டேன். வால்யூம் நாப் கடிகாரத்தின் ஏழு மணி நிலையில், அதாவது முழுக்க அடைத்து இருந்தது. மெல்லத் திருப்பினேன். ஏழரை வரை சத்தமே இல்லை. அதற்கு மேல் இடது ஸ்பீக்கர் மட்டும் பாடியது. எட்டு மணிக்கு வலதும் சேர்ந்துகொண்டது, ஆனால் அதற்குள் பக்கத்து அறையிலிருந்து "கொஞ்சம் குறைங்க" என்று குரல் வந்துவிட்டது. ஆக, நான் பாட்டுக் கேட்பதற்கு மிஞ்சியது நாபில் ஒரு விரல் நக அகலம். பாட்டை நிறுத்தினால் ஸ்பீக்கரிலிருந்து சன்னமான "உஸ்ஸ்". அன்று இரவு ப்ரீஆம்பை அணைத்தபோது "டொம்" என்று ஒரு அடி. கூம்பு முன்னால் துள்ளியதைக் கண்ணால் பார்த்தேன்.

ஆம்ப் சிறியது. ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரே ஒரு 2ஏ3 வால்வு (பழைய ரேடியோவில் ஒளிருமே, அந்தக் கண்ணாடிக் குழாய்), அலை முழுவதையும் அந்த ஒன்றே சுமக்கும் சிங்கிள் எண்டட் வகை, மூன்றரை வாட். அதை முன்னால் ஓட்டுவதற்கு 6எஸ்எல்7 என்ற சிறிய வால்வு. மூன்றரை வாட்டில் என்ன கேட்க முடியும் என்று கேட்பவர்களுக்கு விடை ஸ்பீக்கரில் இருக்கிறது. என்னுடையது ஒரு வாட்டுக்கு ஒரு மீட்டரில் 97 டெசிபெல் தரும் ஹார்ன் வகை. வீட்டுக்குள் சாதாரணமாகக் கேட்கும் சத்தத்துக்கு வாட்டில் நூறில் ஒரு பங்கு போதும்.

அதுவரை சிடி பிளேயரை நேராக ஆம்பின் பின்பக்கம் செருகி, ஆம்பிலேயே இருந்த வால்யூமைத் திருப்பிக் கேட்டுக்கொண்டிருந்தேன். நன்றாகத்தான் இருந்தது. ரெக்கார்ட் பிளேயர் ஒன்று வந்தது, கணினியின் டிஜிட்டல் பாட்டை மின் சிக்னலாக்கும் டாக் ஒன்று வந்தது, எதைக் கேட்பதென்றாலும் பின்னால் போய்க் கேபிளைக் கழற்றி மாட்ட வேண்டியிருந்தது. அலுத்துப்போய்த்தான், ஃபோனோவும் (ரெக்கார்ட் பிளேயரின் சன்னமான சிக்னலைப் பெருக்கும் கட்டம்) நான்கு இன்புட்டும் உள்ள பழைய டிரான்சிஸ்டர் ப்ரீஆம்ப் ஒன்றை வாங்கினேன்.

வாங்குவதற்கு முன் விசாரித்தவர்கள் எல்லோரும் சொன்னது இரண்டே விஷயம். ஒன்று, டிரான்சிஸ்டர் குளிர்ச்சி, வால்வு கதகதப்பு, இரண்டும் சேர்ந்தால் சரியான கலவை. இன்னொன்று, இம்பீடன்ஸ், அதாவது சிக்னலுக்கு இரண்டு பெட்டிகளும் காட்டும் மின்தடை, பொருந்துகிறதா பார். முதலாவதை விட்டுவிடுவோம். இரண்டாவதை நினைத்து நான் ஒரு வாரம் தூங்கவில்லை. கடைசியில் பார்த்தால், இந்த ஜோடியில் கவலையே பட வேண்டாத விஷயம் அது ஒன்றுதான்.

வால்வு ஆம்பின் இன்புட் இம்பீடன்ஸ் பெரும்பாலும் 100 கிலோ ஓம். முதல் வால்வில் சிக்னல் நுழையும் கம்பி வலையான கிரிட்டிலிருந்து தரைக்குப் போகும் ரெசிஸ்டர்தான் அது. கிரிட் தானாக மின்னோட்டம் எடுப்பதில்லை. டிரான்சிஸ்டர் ப்ரீஆம்பின் அவுட்புட் இம்பீடன்ஸ் சில நூறு ஓமுக்குள் இருக்கும். கொடுப்பவரைவிட வாங்குபவரின் இம்பீடன்ஸ் பத்து மடங்காவது இருக்க வேண்டும் என்பது வழக்கமான கணக்கு. இங்கே இருப்பது நூற்றுக்கணக்கான மடங்கு. சிக்கல் வருவது இதற்கு நேர் எதிரான ஜோடியில்: வால்வு ப்ரீஆம்ப், 10 கிலோ ஓம் டிரான்சிஸ்டர் பவர் ஆம்ப். ப்ரீஆம்பின் வாயிலில் 0.47 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் இருந்தால், 34 ஹெர்ட்ஸில் மூன்று டெசிபெல் போய்விடும். அந்த எச்சரிக்கையைத்தான் எல்லோரும் திசை பார்க்காமல் எனக்கும் சொல்லியிருக்கிறார்கள்.

சரி, அப்படியானால் என் வீட்டில் கெட்டது எது?

வால்வு ரேடியோ காலத்திலிருந்து இந்த வேலையில் இருக்கும் ஒரு பெரியவரிடம் போய்ப் புலம்பினேன். கதை முழுவதையும் கேட்டுவிட்டு அவர் ஒரே கேள்வி கேட்டார்: "உங்க ஆம்ப் முழுசா கத்துறதுக்கு எவ்வளவு வோல்ட் கேட்குது தம்பி?" எனக்குத் தெரியவில்லை. ஆம்ப் எத்தனை வாட், வால்வு எந்த ஆண்டுத் தயாரிப்பு, டிரான்ஸ்ஃபார்மரின் தகடு என்ன வகை என்று எல்லாம் தெரியும். இது தெரியாது. "அதை அளந்துட்டு வாங்க, அப்புறம் பேசுவோம்" என்று அனுப்பிவிட்டார்.

அளப்பது கடினமில்லை. ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் 8 ஓம், 10 வாட் ரெசிஸ்டரை மாட்டினேன். எதையும் மாட்டாமல் மட்டும் விடக் கூடாது. சுமை இல்லாமல் வால்வு ஆம்புக்கு சிக்னல் கொடுத்தால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரில் மின்னழுத்தம் எகிறி, உள்ளே பொறி தட்டிப் போய்விடும். அப்புறம் கணினியிலிருந்து 200 ஹெர்ட்ஸ் ஒலியை ஓடவிட்டேன். சாதாரண மல்டிமீட்டர் அந்த அலைவரிசையை ஒழுங்காகக் காட்டும், பத்தாயிரம் ஹெர்ட்ஸில் அதை நம்ப முடியாது. இன்புட்டில் 0.1 வோல்ட் கொடுத்தால் அவுட்புட்டில் 0.75 வோல்ட். அதாவது ஏழரை மடங்கு. மூன்றரை வாட் என்பது 8 ஓமில் 5.3 வோல்ட். 5.3-ஐ 7.5-ஆல் வகுத்தால் 0.7 வோல்ட். அவர் கேட்ட எண் அதுதான்.

இப்போது எதிர்ப்பக்கம். சிடி பிளேயர் உச்சத்தில் 2 வோல்ட் தரும், அது பொதுவான அளவு. ப்ரீஆம்பின் விவரத்தாளில் 20 டெசிபெல் கெயின் என்று இருந்தது, அதாவது பத்து மடங்கு. பெருக்கினால் 20 வோல்ட். 0.7 வோல்ட் போதும் என்பவனிடம் 20 வோல்ட்டைக் கொண்டுபோய்க் கொட்டுகிறேன். உண்மையில் அந்த ப்ரீஆம்பால் ஒன்பது வோல்ட்டுக்கு மேல் தரவே முடியாது, அதன் உள் மின்சாரம் கூட்டல் கழித்தல் 15 வோல்ட்தான். ஆக நாபின் மேல்பாதி முழுக்க வெறும் அலங்காரம். கீழ்மூலையில் மட்டும்தான் வேலை. அந்த மூலையில்தான் சாதாரண வால்யூம் 'பாட்'-இன் (நாபைத் திருப்பினால் மாறும் ரெசிஸ்டர்) இடது, வலது இரண்டு பக்கமும் ஒன்றோடொன்று ஒத்துப்போகாது. இடது மட்டும் முதலில் பாடியதற்குக் காரணம் அது. பாட் கெட்டுப்போகவில்லை. எந்த வால்யூம் பாட்-ஐ அந்த மூலையில் நிறுத்தினாலும் இப்படித்தான் தடுமாறும்.

எனக்கு உறைத்தது இரைச்சல் கணக்குத்தான். விவரத்தாளில் இரைச்சல் 2 வோல்ட்டுக்கு 86 டெசிபெல் கீழே என்று போட்டிருந்தது. பார்க்க நல்ல எண். கணக்குப் போட்டால் அது 0.1 மில்லிவோல்ட். ஆனால் நான் எப்போது 2 வோல்ட் எடுத்தேன்? வாட்டில் நூறில் ஒரு பங்குக்கு ஸ்பீக்கரில் 0.28 வோல்ட், ஏழரையால் வகுத்தால் ஆம்பின் இன்புட்டில் சுமார் 38 மில்லிவோல்ட். என் பாட்டு நிற்கும் இடம் அது. அந்த 38-க்கும் 0.1-க்கும் இடையே 52 டெசிபெல்தான் இருக்கிறது. 86 என்று படித்துவிட்டு 52-ஐக் கேட்டுக்கொண்டிருந்தேன்.  விவரத்தாள் பொய் சொல்லவில்லை.

இரைச்சல் எங்கிருந்து வருகிறது என்பதை உறுதி செய்ய ஒரு சின்னச் சோதனை போதும். ஆர்சிஏ பிளக் (சிடி பிளேயர் கேபிளின் முனையில் இருப்பது) ஒன்றின் நடு ஊசியையும் வெளி உறையையும் கம்பியால் சேர்த்துச் சால்டர் செய்து வைத்துக்கொள்ளுங்கள். பவர் ஆம்பை அணைத்துவிட்டு அந்தப் பிளக்கை இன்புட்டில் செருகி, மறுபடி போடுங்கள். இப்போது கேட்பதெல்லாம் ஆம்பின் சொந்தச் சத்தம். எனக்கு லேசான உறுமல் மட்டும் இருந்தது, "உஸ்ஸ்" இல்லை. ப்ரீஆம்பை மாட்டியதும் "உஸ்ஸ்" வந்தது. அடுத்து வால்யூம் நாபை ஏற்றி இறக்கினேன், எந்தப் பாட்டும் ஓடாமல். இரைச்சல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அப்படியென்றால் அது நாபுக்குப் பின்னால் இருக்கும் கட்டத்திலிருந்து வருகிறது. நாபுக்கு முன்னால் என்ன செய்தாலும், டாக்கின் வால்யூமைக் கணினியில் குறைத்தாலும், அது போகாது. நாப் வசதியாகத் திரும்பும், அவ்வளவுதான். நானே இரண்டு வாரம் கணினியில் குறைத்துவைத்துவிட்டு, இரைச்சல் போய்விட்டதாக மனதைத் தேற்றிக்கொண்டிருந்தேன்.

குறைக்க வேண்டிய இடம் ப்ரீஆம்புக்கும் பவர் ஆம்புக்கும் நடுவில். அங்கே குறைத்தால் பாட்டும் இரைச்சலும் சேர்ந்தே குறையும். பிறகு நாபை ஏற்றிப் பாட்டை மட்டும் மீட்டுக்கொள்ளலாம். இதற்குத் தேவை ஒரு பக்கத்துக்கு இரண்டே ரெசிஸ்டர். சிக்னல் வரும் வழியில் 6.8 கிலோ ஓம், அதற்குப் பின் சிக்னலுக்கும் தரைக்கும் நடுவே 3.3 கிலோ ஓம். மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவாக வெளியே வரும், கிட்டத்தட்ட 10 டெசிபெல் குறைவு. ப்ரீஆம்ப் பார்க்கும் சுமை 10 கிலோ ஓம். டிரான்சிஸ்டருக்கு அது ஒரு பொருட்டே இல்லை. வால்வு ப்ரீஆம்பாக இருந்தால் யோசிக்க வேண்டும். ஆம்ப் பக்கம் தெரியும் இம்பீடன்ஸ் சுமார் 2.2 கிலோ ஓம், 100 கிலோ ஓமுக்கு முன் அதுவும் சிறியதுதான்.

இரண்டையும் கேபிளின் ஆம்ப் பக்க முனையில், ஆர்சிஏ பிளக்கின் உறைக்குள்ளேயே அடைத்துவிட்டேன். கால் வாட் மெட்டல் ஃபிலிம் ரெசிஸ்டர்கள் அதற்குள் அடங்கும், கால்களை மட்டும் ஸ்லீவ் போட்டு ஒன்றோடொன்று படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஏன் ஆம்ப் பக்கம் என்றால், கேபிள் வழியில் பொறுக்கிக்கொண்டு வரும் குப்பையும் அங்கே சேர்ந்து குறையும். இடது வலதுக்கு ஒரே மதிப்பாக மீட்டரில் அளந்து பொறுக்கி எடுங்கள். ஒரு சதவீத ரெசிஸ்டராக இருந்தால் அளக்காவிட்டாலும் பெரிய பாதகம் இல்லை, ஆனால் அளப்பதில் ஒரு சுகம் இருக்கிறது.

அன்று இரவு நாப் பத்து மணிக்கு வந்து நின்றது. "உஸ்ஸ்" ஹார்னின் வாயில் காதை வைத்தால் மட்டும். இத்தனை நாள் கேபிளை மாற்றலாமா, வால்வை மாற்றலாமா, ப்ரீஆம்பை விற்றுவிடலாமா என்று உருண்டு புரண்டதெல்லாம் நான்கு ரெசிஸ்டர் வேலை.

உற்சாகத்தில் 20 டெசிபெல்லும் போட்டுப் பார்த்தேன், 9.1 கிலோ ஓமும் 1 கிலோ ஓமும். இரைச்சல் அறவே போனது. ஆனால் ஆம்ப் முழுதாக ஓட வேண்டுமானால் ப்ரீஆம்ப் 7 வோல்ட் தர வேண்டும். அதன் உச்சமே ஒன்பது. ஒரு பக்கம் மிச்சம் பிடிக்கப் போய் இன்னொரு பக்கம் கூரையில் தலை இடிக்கிறது. பத்துக்கே திரும்பி, மீதியை ப்ரீஆம்புக்குள் குறைக்கலாம் என்று முடிவு செய்தேன். இங்கேதான் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

ப்ரீஆம்பின் கடைசிக் கட்டத்தில் என்இ5534 என்ற ஆப்ஆம்ப் சிப். அதன் கெயினைத் தீர்மானிப்பவை இரண்டு ரெசிஸ்டர்கள். பின்னூட்டத்தில் 9.1 கிலோ ஓம், தரைக்கு 1 கிலோ ஓம், ஒன்றைக் கூட்டினால் பத்து மடங்கு. 9.1-ஐ எடுத்துவிட்டு 1 கிலோ ஓம் போட்டால் இரண்டு மடங்கு. கணக்கு சரி, சால்டரும் சுத்தம். போட்டுக் கேட்டால் வயலின் மணல் பட்டது போல் நெறுநெறுத்தது. மீட்டரில் எல்லாம் ஒழுங்காக இருந்தது. சிப்பின் மேல் விரலை வைத்தால் சுட்டது. ஸ்கோப் (மின் அலையைத் திரையில் வரைந்து காட்டும் கருவி) வைத்திருந்த நண்பர் ஒருவர் பார்த்ததும் சிரித்துவிட்டார். பாட்டே இல்லாதபோதும் அவுட்புட்டில் பல மெகாஹெர்ட்ஸில் ஓர் அலை ஆடிக்கொண்டிருந்தது.

5534 சிப் மூன்று மடங்கும் அதற்கு மேலும் கெயின் இருந்தால்தான் தானாக நிலைத்து நிற்கும். அதற்குக் கீழே கொண்டுபோனால் ஐந்தாம் காலுக்கும் எட்டாம் காலுக்கும் நடுவே 22 பிக்கோஃபாரட் கெபாசிட்டர் போட வேண்டும். அதன் இரட்டை அண்ணன் தம்பியான 5532-க்கு இந்தச் சிக்கல் இல்லை, ஒரு மடங்கிலும் நிற்கும். பெயரில் ஓர் எண் வித்தியாசம்தான். நான் பார்க்கவில்லை. 22 பிக்கோஃபாரட்டைப் போட்டதும் சிப் குளிர்ந்தது, வயலின் வயலினாயிற்று. கெயினைக் குறைக்க ரெசிஸ்டரை மாற்றும் எண்ணம் இருந்தால், சிப்பின் தாளில் எத்தனை மடங்குக்கு மேல் நிலையானது என்ற வரியைத் தேடிப் பார்த்துவிட்டுச் சால்டரிங் இரும்பைச் சூடாக்குங்கள். ஸ்கோப் இல்லாதவர்கள் கேபிள் முனையில் ரெசிஸ்டர் போடுவதோடு நிறுத்திக்கொள்வதே மேல். அங்கே தவறாகப் போக ஒன்றுமில்லை.

இப்போது மொத்தக் கணக்கு: 2 வோல்ட் உள்ளே, இரண்டு மடங்காகி 4, கேபிள் முனையில் மூன்றில் ஒன்றாகி 1.3. ஆம்ப் கேட்பது 0.7. சிடிக்குத் தாராளம். ஃபோனோ கட்டம் ரெக்கார்ட் ஊசியைத் தாங்கும் கார்ட்ரிட்ஜின் 5 மில்லிவோல்ட்டை நூறு மடங்காக்கி 0.5 வோல்ட் தருகிறது. அதற்கு நாப் மூன்று மணிவரை போகும். போகட்டும், நாப் இருப்பது திருப்பத்தானே.

அந்த "டொம்" விஷயத்துக்கு வருகிறேன். நல்ல ப்ரீஆம்ப்களில் மின்சாரம் போகும் முன்பே அவுட்புட்டைத் தரையோடு சேர்த்துவிடும் ரிலே ஒன்று இருக்கும். என்னுடையதில் இல்லை. அணைத்ததும் உள் மின்சாரத்தின் கூட்டல் பக்கமும் கழித்தல் பக்கமும் ஒரே நேரத்தில் விழாது. அந்தத் தடுமாற்றம் சில வோல்ட்டாக வெளியே வரும். 97 டெசிபெல் ஸ்பீக்கர் அதை அப்படியே அடியாக மாற்றும். இதற்குத் தீர்வு வரிசைதான். போடும்போது ப்ரீஆம்ப் முதலில், அது அடங்கியபின் பவர் ஆம்ப். அணைக்கும்போது பவர் ஆம்ப் முதலில். வால்வு ஆம்ப்காரர்கள் இங்கேதான் தவறுவார்கள்: சுவிட்சை அணைத்தபின்னும் வால்வின் இழை சூடாக இருக்கும், பெரிய கெபாசிட்டர்களில் மின்சாரம் மிச்சம் இருக்கும், பாட்டு இன்னும் பல வினாடிகள் தேய்ந்து தேய்ந்து ஓடும். அது முழுக்க ஓயும் வரை, அரை நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள், ப்ரீஆம்பைத் தொடக் கூடாது. வீட்டில் மற்றவர்களும் தொடுவார்கள் என்பதால் ஒரு சின்னத் தாளில் "பெரியது முதலில், சின்னது பிறகு" என்று எழுதி ஒட்டியிருக்கிறேன். எது பெரியது என்று கேட்டவர்களும் உண்டு.

இன்னொரு தொல்லை ஆம்பின் சொந்த வால்யூமைத் திருப்பும்போது வந்த கரகரப்பு. முன்பு இல்லாதது. தூசி என்று நினைத்து ஸ்பிரே அடித்தேன், போகவில்லை. மீட்டரை டிசியில் வைத்து ப்ரீஆம்பின் அவுட்புட்டை அளந்தால் இடதில் 38 மில்லிவோல்ட் நின்றுகொண்டிருந்தது. வால்வு ஆம்பின் வாசலில் கெபாசிட்டர் இல்லாவிட்டால், அந்த டிசி வால்யூம் பாட் வழியாக நேரே கிரிட்டுக்குப் போகும். 38 மில்லிவோல்ட் வால்வைக் கெடுக்காது, வால்யூம் பாட்-ஐத் திருப்பும்போது கரகரக்க வைக்கும். நடுவே ஒரு ஃபிலிம் கெபாசிட்டர் போட்டால் தீர்ந்தது. போட்டேன், 0.22 மைக்ரோஃபாரட். கரகரப்பு போனது, கூடவே பேஸும் போனது.

கெபாசிட்டரை ரெசிஸ்டர்களுக்கு முன்னால் போட்டுவிட்டேன். அங்கே அது பார்ப்பது 10 கிலோ ஓம். 0.22-க்கு 10 கிலோ ஓமுடன் 72 ஹெர்ட்ஸுக்குக் கீழே எல்லாம் சரியும். அதே கெபாசிட்டரை ரெசிஸ்டர்களுக்குப் பின்னால், ஆம்பின் 100 கிலோ ஓமைப் பார்க்கும்படி மாற்றினால் 7 ஹெர்ட்ஸ். நகர்த்தியது இரண்டு சென்டிமீட்டர் இருக்கும். மிருதங்கத்தின் தொப்பி திரும்பி வந்தது.

அந்த 7 ஹெர்ட்ஸ் நான் கேட்காமல் கிடைத்த வரமும் ஆனது. டிரான்சிஸ்டர் ப்ரீஆம்ப்கள் மிகத் தாழ்ந்த அலைகளைக்கூட விடாமல் அனுப்பும், விவரத்தாளில் அதைப் பெருமையாகப் போடுவார்கள். சிடியில் அந்த இடத்தில் ஒன்றும் இல்லை. ரெக்கார்டில் உண்டு. கொஞ்சம் வளைந்த தட்டு சுற்றும்போது ஊசி ஏறி இறங்கும் அசைவு சில ஹெர்ட்ஸில் வரும். காதுக்குக் கேட்காது, ஆம்ப் அதையும் பெருக்கும். சிங்கிள் எண்டட் ஆம்பின் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மருக்கு இது பெரிய பாரம். வால்வின் டிசி மின்னோட்டமே, 2ஏ3-க்கு 60 மில்லி ஆம்பியர், அதன் வழியாக ஓடிக்கொண்டிருக்கிறது. அலைவரிசை பாதியானால் அதே வோல்ட்டுக்கு இரும்பில் காந்தப் பாய்வு இரட்டிப்பாகும். இரும்பு நிறைந்துவிட்டால் மேலே ஓடும் பாட்டும் கலங்கும். பாட்டுக்குச் சம்பந்தமில்லாமல் கூம்பு முன்னும் பின்னும் ஆடுகிறதா என்று பாருங்கள். என்னுடையது ஆடியது, கெபாசிட்டருக்குப் பின் நன்றாகக் குறைந்தது. ப்ரீஆம்பில் இந்தத் தாழ்ந்த அலைகளை வெட்டும் சப்சானிக் பொத்தான் இருந்தால் ரெக்கார்ட் ஓடும்போது தயங்காமல் அழுத்தலாம்.

லவுட்னஸ் (குறைந்த சத்தத்தில் பேஸை ஏற்றிக் காட்டும் பொத்தான்), பேஸ் நாப் பற்றியும் ஒரு வார்த்தை. பேஸை 6 டெசிபெல் ஏற்றினால் அந்த இடத்தில் நான்கு மடங்கு வாட் வேண்டும். நூறு வாட் ஆம்பில் அது கணக்கில் வராது. மூன்றரை வாட்டில் நான்கு மடங்கு என்பது கேட்பதில் மிச்சமிருந்த இடம் முழுவதும். ப்ரீஆம்புக்கு வோல்ட் பஞ்சமில்லை, அது தயங்காமல் அனுப்பும். வால்வின் கிரிட் நேர்மின் பக்கம் போய் மின்னோட்டம் எடுக்கத் தொடங்கும், அதற்கு முன்னால் உள்ள கெபாசிட்டர் ஏறிக்கொள்ளும், அது வடிகிற வரை சில கணங்கள் ஆம்ப் திணறும். ஒரு பெரிய தவில் அடிக்குப் பின் வரும் நாயனம் மூச்சு முட்டினாற்போல் கேட்டால் சந்தேகம் அங்கே போகட்டும். எனக்கு அது வால்வு தேய்ந்ததால் என்று தோன்றி, புது ஜோடி வாங்கும் அளவுக்குப் போய்விட்டேன். லவுட்னஸ் பொத்தானை வெளியே எடுத்ததும் பழைய வால்வே இளமையாகிவிட்டது.

உறுமலுக்குப் பல பேர் பல வைத்தியம் சொன்னார்கள். ஒருவர் ஆம்பின் பிளக்கில் எர்த் ஊசியை வெட்டிவிடு என்றார். அதைச் செய்யவே கூடாது. 2ஏ3-இன் பிளேட்டில் 250 வோல்ட், மின்சாரம் தரும் பகுதியில் அதற்கும் மேல். உள்ளே எங்காவது காப்பு விட்டுப்போனால் அந்த எர்த் கம்பிதான் உங்களுக்கும் அதற்கும் நடுவே நிற்பது. என் விஷயத்தில் எர்த் சுற்றே காரணமில்லை. ப்ரீஆம்பை ஆம்பின் மெயின்ஸ் டிரான்ஸ்ஃபார்மரை ஒட்டி வைத்திருந்தேன், ஃபோனோ கட்டம் அந்தக் காந்தப்புலத்தைக் குடித்துக்கொண்டிருந்தது. ஓடும்போதே ப்ரீஆம்பைக் கையில் தூக்கி நகர்த்திப் பார்த்தேன். அரை மீட்டர் தள்ளியதும் உறுமல் போனது. மீதி இருந்தது 2ஏ3-இன் இழைக்கு ஏசி கொடுப்பதால் வரும் சொந்த உறுமல். முன்பு சால்டர் செய்த அந்த ஷார்ட்டிங் பிளக்கை மாட்டிக்கொண்டு, அதற்கென்று ஆம்பில் இருக்கும் சிறிய பாட்-ஐ மெல்லத் திருப்பிக் குறைந்தபட்சத்தில் நிறுத்தினால் சரி. முழுக்கப் போகாது, போக வேண்டியதும் இல்லை.

இதெல்லாம் முடிந்தபின் ஆற அமரக் கேட்டுப் பார்த்தேன். டிரான்சிஸ்டர் நடுவில் வந்ததால் வால்வின் குணம் போய்விட்டதா? இரண்டு வழியிலும் ஸ்பீக்கரில் ஒரே வோல்ட் வரும்படி மீட்டரில் சரிசெய்து, நண்பரை மாற்றி மாற்றிப் போடச் சொல்லி, முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். எது நேரடி, எது ப்ரீஆம்ப் வழி என்று என்னால் சொல்ல முடியவில்லை. சத்தத்தைச் சமன் செய்யாமல் கேட்ட நாட்களில் ஒவ்வொரு முறையும் சரியாகச் சொன்னேன், ஏனென்றால் ப்ரீஆம்ப் வழியில் சத்தம் கொஞ்சம் கூடுதலாக இருந்தது. வால்வின் குணம் என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு பின்கட்டத்தில் இருக்கிறது. 2ஏ3-இன் உள் மின்தடை 800 ஓம். 2500 ஓமை 8 ஓமாக்கும் டிரான்ஸ்ஃபார்மர் அதை இரண்டரை ஓமாக இறக்கும், சுற்றுக் கம்பியின் மின்தடையைச் சேர்த்தால் மூன்றை நெருங்கும். அந்த மூன்று ஓம் வழியாக ஸ்பீக்கரின் இம்பீடன்ஸ் மேடுபள்ளம் அப்படியே சத்தத்தில் தெரியும். இதை முன்னால் நிற்கும் ப்ரீஆம்ப் கூட்டவும் முடியாது, குறைக்கவும் முடியாது. குளிர்ச்சி, கதகதப்புக் கலவை பேசியவர்களிடம் இதைச் சொன்னால் கோபித்துக்கொள்கிறார்கள்.

வெறும் பாட் வைத்த ஒரு பெட்டியே போதாதா என்றால், சிடி, டாக் மட்டும் கேட்பவருக்குப் போதும். நானும் நண்பருடையதை இரவல் வாங்கி வைத்திருந்தேன். கேபிளை மட்டும் நீட்டக் கூடாது. 100 கிலோ ஓம் பாட் பாதி மின்தடையில் நிற்கும்போது 25 கிலோ ஓமாகத் தெரியும். இரண்டு மீட்டர் கேபிளும் 6எஸ்எல்7-இன் மில்லர் கெபாசிட்டன்ஸும் (வால்வின் பெருக்கத்தால் பெரிதாகத் தெரியும் அதன் உள் கெபாசிட்டன்ஸ்) சேர்ந்து 350 பிக்கோஃபாரட் என்றால், 18 கிலோஹெர்ட்ஸில் மூன்று டெசிபெல் போய்விடும். நாப் கீழே இருந்தால் இழப்பு குறைவு. எனக்கு ஆம்ப் அறையின் அந்தக் கோடியில், ரெக்கார்ட் பிளேயர் இந்தக் கோடியில். அதனால் டிரான்சிஸ்டரே சரி.

போன மாதம் 300பி ஆம்ப் வாங்கிய நண்பர் ஒருவர் வந்தார். எட்டு வாட். என் கேபிளைப் பார்த்துவிட்டு, "அதே மாதிரி ரெண்டு ரெசிஸ்டர் எனக்கும் போட்டுக் கொடுங்க" என்றார். ஆம்ப் எவ்வளவு வோல்ட் கேட்கிறது என்று கேட்டேன். தெரியாது என்றார். அளந்து பார்த்தோம். முன்னால் ஒரே ஒரு 6எஸ்என்7 கட்டம்தான், பதினைந்து பதினாறு மடங்குக்கு மேல் தராது. முழுதாக ஓட 2.7 வோல்ட் கேட்டது. அவருக்குக் குறைக்க வேண்டியதே இல்லை, சிடி பிளேயரின் 2 வோல்ட்டே பற்றாது. என் ப்ரீஆம்ப் பழைய பத்து மடங்கில் இருந்திருந்தால் அவருக்கு அது பொருந்தியிருக்கும். கழற்றிய 9.1 கிலோ ஓம் ரெசிஸ்டர்கள் இரண்டும் டப்பாவில் கிடந்தன, அவற்றை எடுத்துக் கொடுத்தேன். கேபிளைக் கொடுக்கவில்லை.